வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு

"வாயைக் கட்டத் தெரியாம வயித்தை அறுத்துக்கிட்டா." எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தியைப் பற்றி, அவள் முதுகுக்குப் பின்னால், நம் ஊர்களில் எழுதப்படும் தீர்ப்பு இந்த ஒரு வரிதான். ஏலாக்குறிச்சியில் இதைக் கேட்கலாம். திருமானூர் கடைத்தெருவில் கேட்கலாம். தஞ்சாவூரில் காரை விட்டு இறங்குகிற படித்த குடும்பத்திலும் கேட்கலாம். சொல்கிறவர்கள் வன்மத்தோடு சொல்வதில்லை. ஊரறிந்த உண்மையைச் சொல்கிற நிதானத்தோடு சொல்கிறார்கள். அந்த நிதானம்தான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

அந்த ஒரு வரிக்குள் எத்தனை நம்பிக்கைகள் இருக்கின்றன என்று பாருங்கள். பருமன் நாக்கின் குற்றம். பட்டினி கிடந்தால் தீர்ந்துவிடும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் காசைக் கொட்டிக் குறுக்கு வழியில் போகிறார்கள். போன பிறகு அவர்களுக்கு ஒரு பாடும் கிடையாது. இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. வெறும் தவறான எண்ணமாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பேச்சு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களின் உடம்பையும் மனத்தையும் நேரடியாகக் கெடுக்கிறது. ஆகவே இதை மறுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நாக்கின் குற்றம். 2015-16இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4. ஆண்களில் 28.2 இருந்தது 37 ஆயிற்று. நான்கைந்து ஆண்டுகளுக்குள் நூறு பெண்களில் இன்னும் ஒன்பது பத்துப் பேர் எப்படிச் சேர்ந்தார்கள்? ஒரு மாநிலமே அதற்குள் தன் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதா? மாறியது சுற்றியிருக்கும் வாழ்க்கை. களை பறிக்கவும் நடவுக்கும் போன கால்கள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்தன. சிமென்ட் ஆலைகள் நிறைந்த இந்த அரியலூர் மாவட்டத்தில் ஷிப்ட் முறை வீட்டுத் தூக்கத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் கலைத்தது. பேக்கரியும் பொரித்த தின்பண்டமும் மூலை முடுக்கெல்லாம் வந்தன. ரேஷன் அரிசி பசியைப் போக்கியது. ஆனால் பருப்புக்கும் காய்க்கும் முட்டைக்கும் கொடுக்கக் காசில்லாத வீட்டில் தட்டு முழுக்கச் சோறே நிறைந்தது. இத்தனை மாற்றத்தின் சுமையையும் தனியொருத்தியின் நாக்கில் தூக்கி வைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

எங்கள் ஊரில் இந்தத் தீர்ப்புக்குச் சமயத்தின் வாசனையும் உண்டு. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் ஊர். மறைக்கல்வியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஏழு தலையான பாவங்களில் போசனப்பிரியமும் ஒன்று, சோம்பலும் ஒன்று. பருத்த உடம்பைப் பார்த்த கணத்திலேயே இந்த இரண்டையும் அதன்மேல் ஏற்றிவிடுகிறோம். அந்த உடம்புக்காரி தவக்காலம் நாற்பது நாளும் ஒரு சந்தி இருந்தவளா, விடியலில் எழுந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளா என்று யாரும் விசாரிப்பதில்லை. போசனப்பிரியம் என்பது மனத்தின் சாய்வு. அதை எடைக்கல் வைத்து அளக்க முடியும் என்று எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

இதே ஊரின் தல மரபு வேறொன்றைச் சொல்கிறது. அரியலூர் மழவராயர் ராஜபிளவையால் துடித்தபோது அரண்மனை மருத்துவத்தால் ஆகாதது வீரமாமுனிவரின் கைமருந்தால் குணமானது, அந்த நன்றிக்கு மன்னர் நிலம் கொடுத்தார் என்பது இங்கு தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் கதை. ராஜபிளவை சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும் கட்டி என்பதை இன்றைய மருத்துவம் அறியும். மன்னருக்கு என்ன இருந்தது என்று இவ்வளவு காலத்துக்குப் பின் சொல்ல முடியாது, அது எனக்குத் தேவையும் இல்லை. கதையில் யாரும் மன்னரைப் பார்த்து, "விருந்தைக் குறைத்திருந்தால் இது வந்திருக்குமா?" என்று கேட்கவில்லை. நோய் வந்தது, மருந்து தேடினார்கள், மருந்து கிடைத்தது என்றே கதை போகிறது. மன்னருக்குக் காட்டிய அந்த இரக்கத்தைத் திருமானூர் ஒன்றியத்தின் ஒரு பெண்ணுக்குக் காட்ட நமக்கு ஏன் மனம் வரவில்லை?

அடுத்தது, பட்டினி கிடந்தால் தீரும் என்ற நம்பிக்கை. இதைச் சொல்கிறவர்கள், பருமனானவர்கள் பட்டினி கிடந்து பார்க்காதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன் வரை வந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கொள்ளுத் தண்ணீர், எலுமிச்சையும் தேனும், இரவில் வெறும் கஞ்சி, சோற்றையே தொடாத மாதங்கள், விடியற்காலை நடை, இடுப்பில் கட்டும் பெல்ட், மாவு டப்பா என்று பத்துப் பதினைந்து ஆண்டுச் சரித்திரத்தைச் சொல்வார்கள். எடை குறைந்தது உண்மை. திரும்பி வந்ததும் உண்மை. ஏன் திரும்பி வந்தது என்பதற்கு இப்போது நல்ல விளக்கம் இருக்கிறது.

உடம்பின் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. 1994இல் இது கண்டறியப்பட்டது. வயிற்றின் மேற்பகுதி கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரந்து பசியைக் கிளப்புகிறது. இது 1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. எடை குறைந்தால் லெப்டின் தாழ்கிறது, கிரெலின் ஏறுகிறது. மெல்பர்னில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து எடை குறைத்து, ஓராண்டு கழித்து அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தார்கள். அப்போதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2011இல் வெளிவந்த ஆய்வு இது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அளந்து 2016இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதைவிடக் கொடுமை, அவர்களுடைய உடம்பு அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. பஞ்சத்தில் அடிபட்ட குடும்பம் அடுத்த அறுவடையில் முதலில் நெற்குதிரை நிரப்புவதுபோல, பட்டினி கண்ட உடம்பு கிடைப்பதையெல்லாம் சேமிக்கப் பார்க்கிறது. வாயைக் கட்டியவரை அவர் உடம்பே தோற்கடிக்கிறது. ஐந்து பத்துக் கிலோ கூடியவர் நடந்தும் சாப்பாட்டை மாற்றியும் குறைக்க முடியும், குறைக்கவும் வேண்டும். நாற்பது ஐம்பது கிலோ கூடி, சர்க்கரையும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்ட உடம்பின் கதை வேறு.

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு இந்த வேறுபாட்டைப் பச்சையாகக் காட்டியது. ஆபரேஷன் செய்துகொண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரையும், அவர்களை ஒத்த, வழக்கமான ஆலோசனையும் சிகிச்சையும் மட்டும் பெற்ற இரண்டாயிரம் பேரையும் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சைக் குழுவின் சராசரி எடை பதினைந்து ஆண்டு வரைக்கும் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் அசையவில்லை. இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் பத்தாம் ஆண்டிலும் பழைய எடையில் கால்பங்கு குறைந்தே இருந்தார்கள். 2007இல் வெளியிட்ட கணக்குப்படி, வயதையும் மற்ற நோய்களையும் சமன் செய்து பார்த்தால், ஆபரேஷன் குழுவில் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. வாயைக் கட்டச் சொல்கிற அறிவுரை அந்த இரண்டாயிரம் பேருக்கும் நிச்சயம் சொல்லப்பட்டிருக்கும். அதன் பலன் அந்த இரண்டு விழுக்காடு.

ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள் என்பதிலும் ஊரில் பெரும் குழப்பம். "கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன்" என்றே பலர் நினைக்கிறார்கள். அது அழகுக்காகச் செய்யும் வேறொரு சிகிச்சை. 2015இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' படத்தில் வருகிற மாதிரி உடனடி மெலிவை விற்கும் மையங்கள் இன்னொரு வகை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை இந்த இரண்டிலும் சேராது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, ஸ்லீவ் முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்கை ஸ்டேப்ளர் கொண்டு வெட்டி எடுக்கிறார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்நுனியில் சின்னப் பை ஒன்றை அமைத்து நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்டு மேசன் தொடங்கி வைத்த முறையின் வளர்ச்சி இது. கொள்ளளவு குறைவது பாதிக் கதைதான். கிரெலின் சுரக்கும் மேற்பகுதி ஸ்லீவில் போய்விடுகிறது. பைபாஸுக்குப் பின் குடல் ஹார்மோன்களின் ஓட்டமே மாறுகிறது. எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாட்களில், சர்க்கரை அளவு இறங்குவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பருமனுக்கும் சர்க்கரைக்கும் வேர் இருக்கும் இடத்திலேயே கை வைக்கிற மருத்துவம் இது.

யாருக்கு இது என்பதிலும் வரம்பு உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, உடல் நிறைக் குறியீட்டெண் 40ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். அல்லது 35ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்ற ஒன்று இருந்து, எளிய முறைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 40 என்பது சுமார் 93 கிலோ, 35 என்பது சுமார் 81 கிலோ. நம் உடல்வாகுக்குச் சர்க்கரை சீக்கிரமே வருவதால் மருத்துவச் சங்கங்கள் ஆசியர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவுகளைப் பரிந்துரைக்கின்றன. காசைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற காப்பீட்டு விதியே "எளிய முறைகள் பலிக்காத பின்" என்று எழுதியிருக்கிறது. நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் மட்டும், முயற்சியே செய்யாதவர்கள் ஆபரேஷனுக்குப் போகிறார்கள்.

இனி, பாடே இல்லை என்கிற பேச்சுக்கு வருகிறேன். என் கோபம் அதிகம் இருப்பது இங்கேதான்.

ஆபரேஷனுக்கு முன்பே பத்தியம் தொடங்கிவிடுகிறது. கல்லீரல் வீக்கம் குறைந்தால்தான் கருவியை உள்ளே செலுத்த இடம் கிடைக்கும் என்பதால் ஒன்றிரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு. பீடி, சிகரெட் அடியோடு நிற்க வேண்டும். எண்டோஸ்கோப்பி, இதயச் சோதனை, தைராய்டு, தூக்கச் சோதனை, மனநல ஆலோசகரோடு பேச்சு. ஏலாக்குறிச்சியிலிருந்து ஒருத்தி இதற்கெல்லாம் திருமானூர் வந்து, கொள்ளிடப் பாலம் தாண்டி, திருவையாறு வழியாகத் தஞ்சாவூருக்கோ, இன்னொரு பக்கம் திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டும். அந்த உடம்போடு பஸ் படி ஏறுவதும், இருவர் இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே போவதும் இந்தச் சிகிச்சையில் சேராத, ஆனால் தப்பவே முடியாத பகுதி.

ஆபரேஷன் முடிந்த பின் முதல் நாட்களில் தண்ணீரைக்கூடச் சின்னக் குப்பியில் அளந்து, மடக்கு மடக்காக உறிஞ்ச வேண்டும். மடமடவென்று குடித்தால் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டு வாரம் நீராகாரம். பிறகு கூழ்ப்பதம், பிறகு குழைவு. திட உணவுக்கு வர ஒன்றரை மாதம்போல் ஆகிறது. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் கூடாது. ஒவ்வொரு வாயையும் மாவாகும்வரை மெல்ல வேண்டும். நம் வீட்டுச் சாப்பாடு இதற்கு ஏற்றதில்லை. சோறு சின்ன வயிற்றில் இறுகி நிற்கும், ஆட்டுக்கறி அடைக்கும், தோசை ஓரம் குத்தும். நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம். ஆக, பத்து முட்டைக்கு ஈடான புரதத்தைச் சில வாய் மட்டுமே கொள்ளும் வயிற்றில் நாள் முழுக்கப் பிரித்து அனுப்ப வேண்டும். முதலில் முட்டை, மீன், பருப்பு, தயிர். பிறகு காய். கடைசியில் இடமிருந்தால் சோறு. தட்டை நிறைக்கும் சோற்றுக்குத் தொடுகறியாகக் கொஞ்சம் குழம்பு என்று வளர்ந்த ஒருத்திக்கு இது உலகத்தையே தலைகீழாகப் புரட்டுவது. பைபாஸ் செய்தவர் ஒரு லட்டைத் தின்றால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைப் புரட்டிப் படுத்துவிட நேரும். 'டம்பிங்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

மாத்திரை ஆயுள் முழுக்க. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின். விட்டால் ரத்தம் குறையும், நரம்பு தளரும், எலும்பு தேயும். விடாத வாந்தியோடு தயமின் குறைந்தால் மூளையே பாதிக்கப்படும். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் இரும்பை உறிஞ்சும் வழியையும் குறைத்துக்கொண்டு வாழ்வது விளையாட்டல்ல. மூன்றாம் நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிரும். பிறகு வளர்ந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாலும் சீப்பைப் பார்க்கிறபோது அழுகை வரும். வேகமாக எடை இறங்குவதால் பித்தப்பையில் கல் உண்டாகலாம். அதற்கும் சில மாதம் மாத்திரை கொடுப்பார்கள். ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குக் கருத்தரிக்கக் கூடாது. இதை மாமியாரிடம் விளக்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எடை இறங்கிய பின் கையிலும் வயிற்றிலும் தொடையிலும் தோல் தொங்கும், மடிப்புகளில் வியர்த்துப் புண்ணாகும்.

வாயைக் கட்டச் சொல்கிறவர்களே, இதைவிட இறுக்கமாக வாயைக் கட்டியவர்களை எனக்குக் காட்டுங்கள். உங்கள் விரதம் நாற்பது நாளில் முடிகிறது. அவர்களுடையதற்குப் பாஸ்கா கிடையாது.

உடம்பின் பாட்டையாவது அட்டவணை போட்டுச் சொல்லலாம். மனத்தின் பாட்டுக்கு அட்டவணை இல்லை.

குழந்தையிலிருந்து 'குண்டு' என்ற அடைமொழியோடு வளர்ந்தவர்கள் இவர்கள். தமிழ்த் திரை, ஒரு நல்ல நடிகரின் பெயருக்கு முன்னாலேயே அந்த அடைமொழியை ஒட்டி 'குண்டு கல்யாணம்' என்று எழுதியது. பருத்த உடம்பு திரையில் தோன்றினாலே சிரிப்பு என்று இரண்டு மூன்று தலைமுறைக்குப் பழக்கியது. அந்தச் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு வளர்ந்தவர்களுக்குச் சோறுதான் பல நேரம் ஆறுதலாக இருந்திருக்கும். பரீட்சையில் தோற்றாலும், பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனாலும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். ஆபரேஷன் அந்த ஆறுதலை ஒரே நாளில் பறித்துவிடுகிறது. துக்கம் அப்படியே இருக்கிறது, அதை அடக்கி வைத்த கை போய்விட்டது. பசியே இல்லாதபோதும் சாப்பிடத் தோன்றும். நாலு வாயில் நெஞ்சு அடைக்கும். எழுந்து போய் அழுவார்கள். "செஞ்சிருக்கவே கூடாதோ" என்று முதல் மாதங்களில் பலர் நினைக்கிறார்கள். அது நன்றி கெட்டதனம் இல்லை. பிரிவுத் துயரத்தில் ஒரு வகை.

பிறகு எடை இறங்குகிறது. இப்போதாவது ஊர் வாழ்த்துகிறதா? "என்னடி இப்படி வத்திப் போயிட்டே, சுகரா? வேற ஏதாச்சும் வியாதியா?" முகம் ஒட்டி, முடி கொட்டி நிற்பவளைத் தேர்த்திருவிழாவில் பத்துப் பேர் நிறுத்தி இதைக் கேட்பார்கள். பருத்திருந்தபோது இளைக்கச் சொன்ன அதே வாய்கள். கண்ணாடியில் பார்த்தால் பழைய உடம்பே தெரியும். குறுகலான வாசலில் இன்னும் ஒருக்களித்தே நுழைவார்கள், கடையில் பெரிய அளவு நைட்டியையே கேட்பார்கள். உடம்பு இளைத்த வேகத்தில் மனம் இளைப்பதில்லை. வீட்டுக்குள்ளும் இடம் மாறுகிறது. புதிதாகப் பவுடர் போட்டால் சந்தேகப்படும் கணவர் உண்டு. கூட உட்கார்ந்து தின்ன ஆள் இல்லாமல் போன வருத்தத்தில் ஒதுங்கும் அக்கா உண்டு. "ஒரே ஒரு வாய்" என்று இலையில் மீண்டும் மீண்டும் வைக்கும் பெரியம்மா, அன்பு மிகுந்துதான் வைக்கிறார். மறுத்தால் அவமதிப்பு. தின்றால் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி.

இதை மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. "பித்தப்பை ஆபரேஷன்", "குடலிறக்கம்" என்று வீட்டில் சொல்லி வைக்கிறார்கள். உங்கள் ஒரு வரித் தீர்ப்புக்குப் பயந்துதான். மறைத்தவர் விருந்தில் ஏன் குறைவாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்ல முடியாது. மாத்திரை டப்பாவை அலமாரியில் வெளிப்படையாக வைக்க முடியாது. பரிசோதனைக்குப் போகிறேன் என்று பஸ் ஏற முடியாது. மூட்டு வலிக்கு ஊர் மருந்துக்கடையில் கொடுக்கிற வலி மாத்திரை பைபாஸ் வயிற்றில் புண்ணை உண்டாக்கும் என்று கடைக்காரருக்கு எச்சரிக்கவும் முடியாது. பரிசோதனை விட்டுப்போகிறது, மாத்திரை விட்டுப்போகிறது, பி12 இறங்கிக் கால் மரத்துப்போகிறது. அப்போது அதே ஊர் சொல்லும்: "அப்பவே சொன்னோம், அந்த ஆபரேஷன் ஆகாதுன்னு." காலை மரக்க வைத்ததில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் யூட்டாவில் பைபாஸ் செய்தவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். மொத்த இறப்பு 40 விழுக்காடு குறைந்தது. சர்க்கரையால் வரும் இறப்பு 92 விழுக்காடு குறைந்தது. ஆனால் நோயல்லாத இறப்புகள், அதாவது விபத்தும் தற்கொலையும் சேர்ந்தவை, 58 விழுக்காடு அதிகம். இந்த எண்ணை ஒளிக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு எதிரான சாட்சியாக இதை எடுத்துக் காட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இது தனிமைக்கு எதிரான சாட்சியும்கூட. குடியும் அப்படித்தான். பைபாஸுக்குப் பின் மது வெகு வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. சோற்றில் தேடிய ஆறுதலைச் சிலர் அங்கே தேடிப் போகிறார்கள். இரண்டாம் ஆண்டில் மதுப் பழக்கக் கோளாறு கூடுவதை 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. தெருவுக்குத் தெரு டாஸ்மாக் உள்ள மாநிலத்தில், ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்கு இதை எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரலில் சென்னைப் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரித்து அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்தச் சாவு நடந்திருக்கவே கூடாதது. தேர்ந்த மையங்களில் இந்த ஆபரேஷனின் உயிராபத்து ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரை, ஏறத்தாழ பித்தப்பை ஆபரேஷன் அளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவும் போதிய ஆட்களும் இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. முன்பின் படங்களைப் போட்டுத் தவணையில் ஆபரேஷன் விற்கும் விளம்பரங்கள் என்னையும் கூச வைக்கின்றன. பரிசோதனையையும் மாத்திரையையும் மனத்தையும் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மெலிந்த இடுப்பை மட்டும் காட்டுகிறவர்கள்தான் 'குறுக்கு வழி' என்ற பொய்யின் முதல் வியாபாரிகள். ஊர் அதை நம்பி ஏசுகிறது, நோயாளி அதை நம்பிப் படுக்கிறார். இருவரும் ஏமாந்தவர்கள்.

எடை திரும்பி வருவதும் உண்மை. இரண்டாண்டுக்குப் பின் சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறையவே ஏறுகிறது. ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சல் நிலைத்துவிடுகிறது. "இப்போது ஊசி வந்துவிட்டதே, எதற்குக் கத்தி?" என்றும் கேட்கிறார்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. நல்ல மருந்துகள், பலரை அறுவை மேசையிலிருந்து காக்கும். நிறுத்தினால் எடை திரும்புகிறது. வெகோவியில் உள்ள செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022இல் வந்த ஆய்வு காட்டியது. ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றியும் ஊர் இப்போது அதே வரியைத்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறது. கத்தியில் இருந்த பேச்சு ஊசிக்கு மாறியிருக்கிறது. ஆக, அவர்களுக்கு உறுத்துவது கத்தி இல்லை. பருத்தவர் தண்டனை அனுபவிக்காமல் தப்பிக்கிறார் என்பதுதான்.

வாதத்தில் தோற்கும்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வள்ளுவரைக் கூப்பிடுவார்கள். உண்டது செரித்த பின் அளவறிந்து உண்டால் மருந்தே வேண்டாம் என்பதல்லவா 'மருந்து' அதிகாரம்? ஆம். ஆனால் அந்த அதிகாரத்தில் பத்துக் குறள்கள் இருக்கின்றன. அளவாக உண்ணச் சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்கிறார். நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்த்து மருத்துவம் செய்யச் சொல்கிறார். பத்தாவது குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்திலிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்கும் கூடியதே மருத்துவம் என்கிறார். முதல் ஏழு குறளைப் பருத்தவர் தலையில் அடித்துவிட்டு, கடைசி மூன்றையும் படிக்காமல் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அந்த நான்காவது ஆள் நாம்தான். எடைக்குறைப்பு ஆபரேஷனில் மருத்துவரின் வேலை இரண்டு மூன்று மணி நேரம். நான்காவது ஆளின் வேலை இருபது முப்பது ஆண்டு.

இதற்கு ஊர் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, செய்யக்கூடிய காரியங்கள் கண்முன்னே இருக்கின்றன. சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இந்த ஆபரேஷனைச் செய்கின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினோரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. ஆபரேஷனை அங்கேயே செய்யச் சொல்லவில்லை. எங்கே செய்துகொண்டு வந்தாலும், அரியலூர் மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இவர்களுக்கென்று ஒதுக்கி, உணவியல் நிபுணரையும் மனநல ஆலோசகரையும் உட்கார வைத்து, பி12, இரும்பு, டி அளவுகளைச் சோதித்தால் போதும், பாதி ஆபத்து நீங்கும். ஒரே ஆபரேஷன் செய்துகொண்ட பத்துப் பேர் ஒரே அறையில் காத்திருக்கும்போது, தாங்களாகவே பேசிக்கொள்வார்கள். எந்த மீன் இறங்குகிறது, எந்த மாதம் முடி நிற்கிறது என்பதை நிபுணரைவிட அவர்களே நன்றாகச் சொல்வார்கள். அதைக் கேட்பதற்கு இன்று அவர்களுக்கு ஊரில் ஓர் ஆளில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் கிராமத்து வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஏலாக்குறிச்சிக்கும் அந்தப் பையோடு ஒரு தன்னார்வலர் வர முடியும் என்றால், அதே பையில் இரும்பும் கால்சியமும் பி12ம் வரலாம். வாந்தி உண்டா, கால் மரக்கிறதா, தூக்கம் வருகிறதா, குடி தொடங்கிவிட்டதா என்று அவர் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கொண்டுபோகும் பதிவேட்டில் இதற்கு ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை நினைத்தால் ஓர் அரசாணையில் முடிகிற காரியம்.